மஞ்சக்கா விரலால் சிரித்த கதை

அன்று காலை மஞ்சக்காவின் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். நாலே வரி. கேஸ் அடுப்பு பழுதானவர்களுக்கு எழுத்திலேயே பதில் சொல்லும் சாட் பிரிவு இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. இனிமேல் வாடிக்கையாளர் வீடியோவில் அடுப்பைக் காட்டுவார், ஊழியர் முகத்தைக் காட்டிப் பேசி வழி சொல்வார். வெள்ளிக்கிழமை தேர்வு. தேறினால் வீடியோ பிரிவு, தேறாவிட்டால் பின்கட்டிடத்தில் உதிரிபாகக் கிடங்கு. நாலு வரியைப் படிக்க மஞ்சக்காவுக்கு நாலு நிமிஷம் ஆனது. படித்துவிட்டு நேராகப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கிடங்கில் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் பதினாலு வருஷம் எரிந்து விழுகிற ஜனங்களை எழுத்தாலேயே சாந்தப்படுத்திய ஒருத்தியைக் கொண்டுபோய் பர்னர் மூடிகளுக்கு நடுவே உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அவளுக்குத் தொழில் மனுஷர்கள். அந்த மனுஷர்களில் ஒருவர்கூட இதுவரை அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அதுதான் சிக்கல். அந்த முகம் சிரிக்காது.

ஒழுங்காக முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒருநாள் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தால், தண்ணீர் இடது ஓரமாக ஒழுகி ரவிக்கையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். இடது கண் மூட மாட்டேன் என்கிறது, இடது உதடு தொங்குகிறது. முகவாதம் என்றார் டாக்டர். "பயப்படாதம்மா, முக்கால்வாசிப் பேருக்கு மூணு மாசத்துல சரியாயிடும்" என்றார். மூன்று மாதத்தில் கண் சரியானது. நெற்றியும் ஓரளவு சரியானது. உதட்டின் இடது கோடி மட்டும் வரவே இல்லை. அந்த முக்கால்வாசியில் இவள் சேரவில்லை, அவ்வளவுதான்.

பேசலாம், சாப்பிடலாம், சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. சிரித்தால்தான் வினை. வலது பக்கம் மட்டும் மேலே போகும். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியாது, நக்கலாகத் தெரியும். "என்னடி இளக்காரமா பாக்குற?" என்று கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள். கைக்குழந்தையை வாழ்த்தப் போன இடத்தில் தாய்க்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? சீச்சீ, இந்தச் சிரிப்பே வேண்டாம் என்று அவள் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டாள். நம் ஜனங்களுக்கு அதுவும் ஆகவில்லை. சிரித்தால் நக்கல் என்றார்கள், சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்றார்கள்.

அந்த வருஷம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். பிளைவுட் தடுப்பு வைத்த ஆறு கம்ப்யூட்டர், இரைகிற ஒரு ஏசி, வாசலில் செருப்புக் குவியல். கவுண்டரில் உட்கார்ந்து, வந்த நேரம் போன நேரம் எழுதுவது அவள் வேலை. கவுண்டர் கம்ப்யூட்டரில் சாட் ரூம் திறந்தே இருக்கும். ஒருநாள் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி, அவள் சொன்ன ஏதோ பதிலுக்கு மூன்று குறிகளை அனுப்பினாள். இரண்டு புள்ளி, ஒரு சிறு கோடு, ஒரு அடைப்புக்குறி.

:-)

இவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீபோர்டு கெட்டுப்போச்சா என்று கேட்டாள். "கழுத்தை இடது பக்கம் சாய்ச்சுப் பாருங்க" என்று பதில் வந்தது. சாய்த்துப் பார்த்தாள். கண், மூக்கு, வாய். அடேங்கப்பா! வாயின் இரண்டு ஓரமும் சரிசமமாக மேலே போயிருந்தது. எந்த ஊரிலோ ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த ஒருவர், இவள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், எழுத்தில் சொன்ன வேடிக்கையை ஜனங்கள் நிஜமென்று நினைத்துச் சண்டைக்கு வருகிறார்களே என்று இந்தக் குறியைப் போட்டுக்கொள்ளச் சொன்னாராம். அதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு தெரிந்த சமாச்சாரம். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூன்று சாவியைத் தட்டினால் அவளால் முழுசாகச் சிரிக்க முடியும். அன்று சாயங்காலத்துக்குள் முப்பது பேரிடமாவது சிரித்திருப்பாள்.

நாலாம் நம்பர் சீட்டுக்கு ஒருத்தர் வருவார். அப்போது டிரைவர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார். மனு அனுப்ப ஐந்து நிமிஷம் போதும், மனுஷன் ஒரு மணி நேரம் உட்காருவார். கவுண்டருக்கும் நாலாம் நம்பருக்கும் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைத் தாண்டி வாய்திறந்து பேச இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் சாட்டில் பேசினார்கள். இதைவிடக் கூத்து உண்டா? ஏசி சத்தத்துக்கு நடுவே இரண்டு கீபோர்டு மட்டும் மாறி மாறித் தட்டும்.

"நீங்க ஏன் சிரிக்கவே மாட்டேங்கிறீங்க?" என்று ஒருநாள் நாலாம் நம்பரிலிருந்து வந்தது.

"இதோ சிரிக்கிறேனே" என்று எழுதி மூன்று குறியையும் போட்டாள்.

தடுப்புக்கு மேலே ஒரு தலை எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. பிறகு ஒரு வரி வந்தது. "கவுண்டர்ல ஒண்ணும் தெரியலயே!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகவாதத்திலிருந்து அத்தை கேட்டது வரைக்கும் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதித் தள்ளினாள். பத்தடி தூரத்தில் இருந்தவர் எல்லாவற்றையும் படித்தார். அந்த மூன்று குறியை மட்டும் அனுப்பினார். மறு வருஷம் பஸ் டிரைவர் வேலை கிடைத்தது, அதற்கு மறு மாதம் கல்யாணம். கல்யாண போட்டோவில் அவள் விறைப்பாகத்தான் நிற்கிறாள். அவரும் அவளுக்குத் துணையாக விறைப்பாகவே நிற்கிறார்.

அப்புறம் பட்டன் போன் வந்தது. இரண்டு புள்ளி வேண்டுமானால் ஒன்றாம் நம்பர் பட்டனை எத்தனையோ தடவை அழுத்த வேண்டும். ஒரு மெசேஜுக்கு இத்தனை எழுத்துத்தான் என்று கணக்கு வேறு. அந்த நெருக்கடியில் முதலில் பலியானது மூக்குதான். நடுக்கோட்டை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இரண்டு புள்ளியும் அடைப்புக்குறியும் போதும் என்றாகிவிட்டது. அவளும் விட்டுவிட்டாள். டிரைவர் மட்டும் விடவில்லை. "மூக்கு இல்லாம மனுஷன் எப்படிம்மா மூச்சு விடுவான்?" என்பார். இன்றைக்கு வரைக்கும் அவர் போனிலிருந்து மூக்கோடுதான் சிரிப்பு வருகிறது.

மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவள் இந்த அடுப்புக் கம்பெனியில் சேர்ந்தாள். அப்போது சாட் பிரிவில் எழுத்தெல்லாம் இரும்பு அடித்த மாதிரி இருக்கும். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.' சிரிப்புக் குறி போட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். ஆனால் பழக்கதோஷம் விடுமா? ஒருநாள் ஒரு அம்மாள் வாய்க்கு வந்தபடி திட்டி, கடைசியில் அடுப்பு எரிகிறது என்று எழுதியதும், இவள் விரல் தன்னால் இரண்டு சாவியைத் தட்டி அனுப்பிவிட்டது. போச்சு, வேலை போச்சு என்று உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. "மெஷின் பேசுதுன்னு நெனச்சு திட்டிட்டேன்மா. ஆளா நீ? மன்னிச்சுக்கோ." அதை அப்போதைய மேலாளர் படித்தார், இரண்டு நாள் யோசித்தார், விதியை மாற்றினார். மாற்றியதோடு அவளையே வழிமுறை எழுதச் சொன்னார். அவள் எழுதியது இரண்டே வார்த்தை. 'முகம் பிறகு.' கோபமாக இருக்கிறவரிடம் எடுத்த எடுப்பில் சிரிக்காதே, அடுப்பு எரிந்த பிறகு சிரி. அந்தத் தாள் இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது.

குறி போய் மஞ்சள் உருண்டை முகம் வந்தபோது அவளுக்கு மவுசு இன்னும் கூடியது. புதுசாக வந்த முகம் பழைய போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும். வாடிக்கையாளர் ஒருவர் "ஏன்மா எனக்குக் காலி டப்பாவா அனுப்புறே?" என்று கோபித்துக்கொண்டார். எதிராளி எழுதுகிற விதத்தைப் பார்த்தே போன் பழசா புதுசா என்று அவள் கண்டுபிடித்து, பழசு என்றால் பழைய குறியையே போடுவாள். கண்ணீர் வரச் சிரிக்கிற முகத்தைப் பார்த்து அழுகிறது என்று நினைத்து ஒருத்தன் இரங்கல் செய்திக்குக் கீழே போட்டுவிட்டான், அவனையும் இவள்தான் காப்பாற்றினாள். எந்த முகத்தை எங்கே போடலாம் என்று அலுவலகமே அவளிடம் வந்து கேட்கும். அப்படித்தான் மஞ்சக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தனை முகத்திலும் ஒரே ஒரு முகத்தை மட்டும் அவள் ஆயுசில் அனுப்பியதில்லை. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போய், கண்ணை ஓரமாக வைத்துக்கொண்டு நக்கலாகப் பார்க்குமே, அது. அது போனில் வந்த புதிதில் அவள் சித்தப்பா மகன் குடும்ப குரூப்பில் அதைப் போட்டு, "இது நம்ம அக்கா மாதிரியே இருக்குல்ல?" என்று எழுதினான். கீழே பதினேழு பேர் சிரித்தார்கள். மஞ்சக்கா அந்த நிமிஷமே குரூப்பைவிட்டு வெளியேறினாள். எட்டு வருஷம் ஆகிறது. நல்லது கெட்டது எல்லாம் மகள் போன் வழியாகத்தான் அவளுக்குத் தெரியும்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அதற்கு முன்னால் புதன்கிழமை சாயங்காலம். பிளஸ் டூ படிக்கிற மகள் படுக்கையறையில் உட்கார்ந்து வாடிக்கையாளராக நடித்தாள், கூடத்தில் மஞ்சக்கா போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"அம்மா, நீ பேசுறது சூப்பர். மூஞ்சிதான் பரீட்சை ஹால் சூப்பர்வைசர் மாதிரி இருக்கு."

"தெரியும்டி. தேர்வுத் தாள்ல 'புன்னகைத்தாரா, ஆம், இல்லை'ன்னு ஒரு கட்டமே போட்டிருக்காங்களாம். நான் அங்கேயே அவுட்டு."

மகள் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சிரிச்சுட்டுதாம்மா இருந்த. என் அடுப்பு எரிஞ்சிருச்சுன்னு நான் சொன்னதும் மேஜையில ரெண்டு தட்டு தட்டின பாரு."

"நானா? எப்போ?"

"உனக்குத் தெரியாதா? நீ எப்பவும் தட்டுவியேம்மா. டக், டக். ரிசல்ட் வந்தப்ப என் முதுகுல தட்டின. அப்பா ஆக்ஸிடென்ட் இல்லாம இருபது வருஷம் ஓட்டினதுக்கு மெடல் வாங்கினப்ப அவர் தோள்ல தட்டின. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதான் உன் சிரிப்பு."

மஞ்சக்கா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த விரல்கள் தன்னைக் கேட்காமலேயே சிரித்துக்கொண்டிருந்திருக்கின்றன. டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "எனக்கும் தெரியும். சொன்னா நீ நிறுத்திடுவேன்னுதான் சொல்லல" என்றார்.

வெள்ளிக்கிழமை. ஒரு சிறிய அறை, ஒரு கேமரா, காதுக்கு ஹெட்போன். பின்னால் இவள் பிரிவு சூப்பர்வைசரும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியும் கையில் தாளோடு. திரையில் நிஜமான வாடிக்கையாளர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம், கையில் கரண்டி, தோளில் துண்டு, முகமெல்லாம் வேர்வை. உள்ளே இன்னொரு அறையிலிருந்து அவர் மனைவியின் குரல்.

"என்னங்க, பத்திக்கிச்சா?"

"இரும்மா! ஆளே இப்பதான் வந்திருக்காங்க!" என்று கத்திவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "அவளுக்குக் கால்ல ஃபிராக்சர். நான் இன்னைக்குத்தான் முதல் தடவையா சமையல்கட்டுக்குள்ள நுழையுறேன். அடுப்பு டிக் டிக்குங்குது, தீ வரல. காலைலேர்ந்து அவ ஒரு வாய் சாப்பிடல. நீங்க என்னடான்னா இப்படி உர்ருனு உக்காந்திருக்கீங்க!"

பின்னால் அதிகாரியின் பேனா தாளில் கீறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. 'இல்லை' கட்டத்தில் விழுந்தாயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சரி, ஆனது ஆகட்டும், அந்த அம்மாளுக்குச் சாப்பாடு ஆகவேண்டும் என்று அடுப்பில் கண்ணை வைத்தாள்.

"கேஸ் வாசனை வருதாங்க?"

"இல்லம்மா."

"எல்லாத் திருகியும் மூடுங்க. காலைல அடுப்பைக் கழுவினீங்களா?"

"நல்லா தேய்ச்சுக் கழுவினேன்! எப்படித் தெரியும்?"

"அந்த வட்ட மூடியைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. எடுங்க. நல்லாத் துடைங்க. பல்லு மாதிரி இருக்கு பாருங்க, அந்தப் பக்கம் கீழே போகணும். பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கா? அதுல சோப்பு அடைச்சிருக்கு. ஒரு ஊசி எடுத்துட்டு வாங்க."

"ஊசிக்கு நான் எங்க போவேன்?" என்றவர், உள்ளே பார்த்து, "ஏம்மா, ஊசி எங்க இருக்கு?" என்று கத்தினார்.

"மொதல்ல என் ஊன்றுகோலை எங்க வெச்சீங்க?" என்று பதில் வந்தது. கடைசியில் ஊசி கிடைத்தது. குத்தினார், ஊதினார், மாட்டினார், திருகினார். டிக், டிக், டிக். குபுக்கென்று நீலமாக ஒரு வட்டம் எழுந்தது.

"எரியுதும்மா! எரியுதுடீ!" மனுஷன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

அடுப்பு எரிந்துவிட்டது. முகம் பிறகு என்று சொன்ன அந்தப் பிறகு வந்துவிட்டது. வீடியோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சாட் பெட்டி திறந்து கிடந்தது. தேர்வில் அதைத் தொடக்கூடாது என்று தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பதினாலு வருஷப் பழக்கம், தாள் என்ன செய்யும்? அவள் விரல் போய் டக் டக்கென்று தட்டி, அனுப்பியும் விட்டது. அந்தப் பக்கத்துத் திரையில் இரண்டு புள்ளியும் ஒரு அடைப்புக்குறியும் போய் நின்றன.

வாடிக்கையாளர் குனிந்து அதைப் பார்த்தார், நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தார். "என்னம்மா இது? ஆள் நேர்ல இருக்கீங்க. மூஞ்சில சிரிக்காம கையால சிரிக்கிறீங்க?"

இனிமேல் இழக்க என்ன இருக்கிறது? கிடங்கு என்று முடிவாகிவிட்டது. மஞ்சக்கா கேமராவை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு முகத்துல ஒரு பக்கம் வராதுங்க. சின்ன வயசுல முகவாதம். சிரிச்சா கோணலா இருக்கும், நக்கல் பண்றேன்னு நெனச்சுப்பாங்க. அதான் கையால."

"அடப் பாவமே, இவ்வளவுதானா? எங்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க பாதிப் பேரு பயத்துல சிரிக்கிறது அழுகிற மாதிரி இருக்கும். நான் என்ன தப்பாவா நெனச்சுக்கிறேன்? காட்டுங்கம்மா, பாப்போம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க, அந்தப் பொண்ணை என்ன மிரட்டுறீங்க? பாத்திரத்தை வெச்சீங்களா, இல்லையா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீல நெருப்பு சும்மா எரிந்துகொண்டிருந்தது. மேலே பாத்திரமே இல்லை. அவ்வளவுதான், மஞ்சக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வலது பக்கம் மேலே போனது, இடது பக்கம் போகவில்லை, அவள் அடக்கவும் இல்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் வெளியாள் ஒருவர் முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தில் அவரும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலேயே உள்ளே அவர் மனைவியும் சிரித்தாள்.

அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளர் போனுக்கு ஐந்து முகங்கள் போகும். அழுமூஞ்சியில் ஆரம்பித்து வாய்கொள்ளாத சிரிப்புவரை. ஒன்றைத் தொடவேண்டும். அவர் கடைசி முகத்தைத் தொட்டுவிட்டு, கீழே 'அடுத்த தடவையும் இவங்களே வரணும்' என்று எழுதியிருந்தார்.

அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாட் பெட்டியைத் தொட்டாங்க, அதுக்கு மார்க் போகும். இந்தப் புன்னகைக் கட்டத்துல என்ன போடுறது? நான் 'இல்லை'ன்னு போட்டுட்டேன், அப்புறம் சிரிச்சாங்க. ஆனா பாதிதான்."

சூப்பர்வைசர் அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் பக்கத்தில் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதில் 'பிறகு' என்று எழுதி டிக் அடித்தாள். "எங்க பிரிவுல அடுப்பு எரிஞ்ச பிறகுதான் சார் சிரிப்போம். சுவர்ல எழுதியே வெச்சிருக்கு, வந்து பாருங்க." அதிகாரி போய்ப் பார்த்தார். வந்து கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வீடியோ பிரிவில் மூன்றாவது மேஜை மஞ்சக்காவுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் மகளிடம், "என்னை மறுபடி குடும்ப குரூப்புல சேத்துவிடுடி" என்றாள். மகள் உடனே சேர்த்துவிட்டாள். மஞ்சக்கா முகங்களைத் தள்ளித் தள்ளிப் போய், ஆயுசில் தொடாத அந்த ஒற்றைப் பக்கச் சிரிப்பைத் தொட்டாள். கீழே எழுதினாள். "ஆமா, என்னை மாதிரியேதான் இருக்கு. இந்த மூஞ்சியை வீடியோ பிரிவுக்கு எடுத்துட்டாங்க." அனுப்பிவிட்டாள்.

சித்தப்பா மகன் எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. கடைசியில் வந்தது. "அக்கா, எட்டு வருஷமா மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சேன். தைரியம் வரல. மன்னிச்சுக்கோக்கா." முகம் எதுவும் போடவில்லை. அவள் இரண்டு புள்ளியும் அடைப்புக்குறியும் போட்டாள். போதும், எட்டு வருஷம் போதும்.

கூடத்தின் அந்தக் கோடியில் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருந்த இடத்துக்கும் அதற்கும் பத்தடி இருக்கும். அவள் முகம் தன்னை அறியாமல் ஒரு பக்கமாக ஏறியிருந்தது. அதை இறக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், மறுபடி குனிந்து எதையோ தட்டினார். அவள் கையில் போன் அதிர்ந்தது.

:-)

மூக்கோடுதான் வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. "இப்ப கவுண்டர்ல தெரியுது."